அட்வான்ஸ் மொட்டை

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு எனக்கு இன்டர்வியூ. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் திருமலையில் மொட்டை போட்டுக்கொண்டேன். அதே காலையில் கீழே திருப்பதியில், எங்கள் வீட்டில், என் வீட்டுக்காரர் என் லேப்டாப்புக்கு அப்டேட் போட்டார். இரண்டுமே நல்ல எண்ணத்தில் செய்யப்பட்டவை. இரண்டில் மொட்டை பரவாயில்லை, அது வளர்ந்துவிடும்.

இன்டர்வியூ என்று அலட்டலாகச் சொல்கிறேனே, நாற்பத்து நாலு வயதில் அதுதான் எனக்கு முதல் இன்டர்வியூ. நான் பிறந்தது நகரிப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. ரேஷன் கடையில் தெலுங்கில் ஆரம்பித்த சண்டையை வீட்டுக்கு வந்து தமிழில் முடிக்கிற ஜனம் நாங்கள். டிகிரி முடித்தேன், கல்யாணம் ஆனது, அதற்குப் பிறகு மற்றவர்களுக்கு டிபன் பாக்ஸ் கட்டியதில் வருஷங்கள் போயின. சென்னையில் ஒரு கம்பெனி, ஆஸ்பத்திரிகள் நோயாளிகளுக்குக் கொடுக்கிற தெலுங்குக் குறிப்புகளைத் தமிழில் எழுத ஆள் தேடியது. வீட்டிலிருந்தே வேலை. மாதிரிக்குச் சில பக்கங்கள் அனுப்பினார்கள். அவற்றைத் தமிழில் எழுதி லேப்டாப்பில் தயாராக வைத்திருக்க வேண்டும், இன்டர்வியூவில் கேமரா முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திறந்து காட்டி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். மொபைலில் வந்தால் ஒப்புக்கொள்ள மாட்டோம் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். ஒரு மாதம் சமையலறை மேடையிலேயே உட்கார்ந்து எழுதினேன். அந்த வேலை எனக்கு வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அத்தனை வருஷத்தில் எதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

அதனால்தான் வேண்டிக்கொண்டேன். வேலை கிடைத்தால் மொட்டை என்றுதான் வேண்டுதல். கிடைத்தால்! ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் குழந்தைக்கு முதல் மொட்டை. மலைப்பாதை வளைவுகளில் வாந்தி வரும் என்று வீட்டிலேயே தங்கிவிட்ட தாய்மாமன், அதாவது என் வீட்டுக்காரர், தவிர குடும்பமே வேன் வைத்து மலைக்குக் கிளம்பியது. வேனில் நாத்தனார் சொன்னாள்: "அதான் போய்க்கினு இருக்கோமே அண்ணி, அப்பிடியே நீயும் போட்டுக்கினு வந்துடு. இன்னொரு வாட்டி எதுக்கு அலையற?"

"நாளைக்கு இன்டர்வியூடி. கேமராவுல பாப்பாங்க."

"பாத்தா இன்னா? முடிக்கா மார்க்கு போடுவாங்க? சாமிக்கு முன்னாடியே குடுத்துட்டா, அவரால தட்ட முடியாது பாரு."

கடவுளையே வசமாக மடக்குகிற யோசனை. எனக்கும் பிடித்துப்போயிற்று. ஆக, கேரண்டி எதுவும் கேட்காமல் அட்வான்ஸாக மொட்டை. மொட்டை போடுகிற மண்டபமான கல்யாணக்கட்டாவில் பெண்களுக்கு மழிக்கிற அம்மா என் இடுப்பு வரை இருந்த பின்னலை ஒரு நொடி தூக்கிப் பார்த்துவிட்டு, "பாகுந்தி" என்றாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டே கத்தியை வைத்தாள். எழுந்தபோது தலையில் காற்று பட்டது. நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு, லட்டுப் பையோடு கீழே இறங்கினேன். வேன் என்னைப் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுவிட்டு நாத்தனார் ஊருக்குப் போனது.

அங்கே ஆரம்பித்தது. இருபது வருஷமாக நான் குடியிருக்கும் ஊர் திருப்பதி. பஸ் ஸ்டாண்டு வாசலில் நிற்கும் ஆட்டோக்காரர்களில் பாதிப்பேர் என்னைத் தினமும் பார்ப்பவர்கள். அன்றைக்கு ஒருத்தருக்கும் என்னைத் தெரியவில்லை. "ரூம் காவாலாம்மா? காளஹஸ்தி? காணிப்பாக்கம்?" என்று, ரூம் வேண்டுமா, எந்தக் கோயிலுக்குப் போக வேண்டும் எனக் கேட்டுச் சூழ்ந்துகொண்டார்கள். எங்கள் தெருப் பெயரைச் சொன்னேன். மொட்டையைப் பார்த்து, என் தெலுங்கில் இருந்த தமிழ் வாடையையும் மோந்துவிட்டு, யாத்திரை வந்தவர்களுக்கான வாடகையைச் சொன்னார் ஒருவர். முந்தின வாரம் என் மளிகை மூட்டையை மாடி வரை தூக்கிவந்து வைத்தவர் அவர்தான். மொட்டை போட்டால் அகங்காரம் போகும் என்பார்கள். எனக்கு ஊரே போய்விட்டது.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் சோபாவில் உட்கார்ந்து லேப்டாப்பை ஆன் செய்வதும் ஆஃப் செய்வதுமாக இருந்தார். அவர் ஸ்ரீ சிட்டியில் ஒரு ஃபாக்டரியில் சூப்பர்வைசர். கம்ப்யூட்டர் தனக்குத் தெரியும் என்பது அவர் அபிப்பிராயம். லேப்டாப் வாங்கிய அன்று "நீ தொடாத, நான் செட் பண்ணித் தரேன்" என்று அவரேதான் எல்லாவற்றையும் நிரப்பினார். கடைசியில் என் முகத்தை மட்டும் கேமராவுக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு, "இனிமே உன் மூஞ்சிதான் சாவி" என்றார்.

"இன்னாங்க பண்ணீங்க?"

"ஒண்ணியும் பண்ணல. அப்டேட் போடவான்னு அது கேட்டுச்சு, சரின்னேன்."

இங்கிலீஷில் யார் எது கேட்டாலும் சரி என்று சொல்வது அவர் வழக்கம். லோன் வேண்டுமா என்று போன் வந்தால்கூட முதலில் சரி என்றுதான் சொல்வார், பிறகுதான் எதற்கு என்று கேட்பார்.

லேப்டாப்பை வாங்கி மடியில் வைத்தேன். நான் வழக்கமாகப் போடும் பின் நம்பரைப் போட இடமே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு செய்தி: ஏதோ நடந்துவிட்டது, உங்கள் பின் நம்பர் இப்போது கிடைக்காது. ஏதோ நடந்துவிட்டதாம். பாலைப் பொங்கவிட்டுவிட்டு வீட்டில் நான் இப்படிச் சொல்லிப் பார்க்கிறேன், என்ன நடக்கிறது என்று தெரியும். உலகம் பூராவும் இருக்கிற கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்து கை வைத்தவர்களுக்கு, என்ன நடந்தது என்று சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. பின் நம்பரைப் புதிதாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு இன்டர்நெட்டில் இணையுங்கள் என்று அடுத்த வரி. இணைக்கலாம் என்று பார்த்தால் வைஃபை குறியையே காணோம். அதையும் அப்டேட் விழுங்கியிருந்தது. வீட்டைப் பூட்டி, சாவியை உள்ளேயே வைத்துவிட்டு, உள்ளே வந்து சாவியை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிற உபகாரம்.

மிச்சம் இருந்தது முகம். திரையில் ஒரு சின்னக் கண் இப்படியும் அப்படியும் உருண்டது. உங்களைத் தேடுகிறேன் என்றது. நான் அதற்கு நேராகத்தான் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் தேடிவிட்டு, உங்களை அடையாளம் தெரியவில்லை என்றது.

"சந்தனத்தக் கழுவிட்டு வா" என்றார் வீட்டுக்காரர். கழுவினேன், தெரியவில்லை. பெரிய பொட்டு வைத்துக்கொண்டேன். கண்ணாடி போட்டேன், கழற்றினேன். கறுப்புத் துப்பட்டாவை முடி மாதிரி தலையில் சுற்றிக்கொண்டேன். கண் உருண்டது, தேடியது, உதட்டைப் பிதுக்கியது. சவுரி வைத்தால் என்ன என்று தோன்றியது. பீரோவில் பழைய சவுரி ஒன்று இருந்தது. எடுத்த பிறகுதான் புரிந்தது, சவுரி கட்டவும் கொஞ்சம் சொந்த முடி வேண்டும். ஊருக்கு ஊர் முடி அனுப்புகிற இடத்தில் குடியிருந்துகொண்டு, அந்தச் சாயங்காலம் எனக்கு ஒரு பிடி முடி இல்லை. வீட்டுக்காரர் பின்னால் நின்று சவுரியை என் மண்டையில் கையால் பிடித்துக்கொண்டார். கேமராவில் அவர் கையும் தெரிந்தது. இப்போது நாங்கள் இரண்டு பேருமே யாரென்று தெரியவில்லை என்றது லேப்டாப்.

"வுடுமே, காலையில தானா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார். தானாகச் சரியாகும் என்பது அவருடைய இன்னொரு கொள்கை. எங்கள் வீட்டில் ஒழுகும் குழாய், கிறீச்சிடும் ஃபேன் எல்லாம் அந்தக் கொள்கையில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

காலையில் சரியாகவில்லை. அவர் வழக்கம்போல விடியும் முன்னால் கம்பெனி பஸ்ஸில் போய்விட்டார். நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடை திறக்கிற நேரத்துக்குப் போய், சர்வீஸ் கடை ஷட்டர் முன்னால் நின்றேன். கடைக்காரர் வந்தார், என் தலையைப் பார்த்தார், கையெடுத்துக் கும்பிட்டு "கோவிந்தா" என்றார். லேப்டாப்பை விரித்து ஒரே ஒரு நிமிஷம் பார்த்தார்.

"அப்டேட் ப்ராப்ளம் மேடம். நின்னட்டி நுஞ்சி அந்தரிகீ இதே. ஃபார்மேட் கொட்டேத்தாம்."

நேற்றிலிருந்து எல்லாருக்கும் இதே தொல்லைதான், ஃபார்மேட் அடித்துவிடலாம் என்கிறார். தெலுங்கிலும் சரி தமிழிலும் சரி, ஃபார்மேட்டை அடிக்கத்தான் செய்கிறோம். எந்த வியாதிக்கும் அவரிடம் இருந்தது இந்த ஒரே மருந்து. உள்ளே என் ஒரு மாத வேலை இருக்கிறதே, அது என்ன ஆகும் என்று கேட்டேன்.

"அன்னீ போத்தாயி மேடம்" என்றார் சிரித்துக்கொண்டே. எல்லாம் போய்விடுமாம். பிறகு என் மொட்டையை இன்னொரு முறை பார்த்து, எல்லாம் கொடுத்துவிட்டு வந்தவர்கள் நீங்கள், இதற்குப் போய்க் கவலைப்படலாமா என்று ஆறுதல் சொன்னார். லேப்டாப்பைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

கடை வாசலிலேயே நின்று மொபைலில் தேடினேன். கடைக்காரர் சொன்னது சரி, ஊர் உலகமெல்லாம் அந்த அப்டேட்டைத் திட்டிக்கொண்டிருந்தது. முகம் தெரியாத எத்தனையோ பேருடைய வசவு. படிக்கவே இதமாக இருந்தது. வசவுகளுக்கு நடுவில் ஒருவர் உருப்படியாக ஒன்று எழுதியிருந்தார்: வைஃபை போனால் என்ன, மொபைலைக் கேபிளால் லேப்டாப்பில் சொருகி, மொபைலின் நெட்டைக் கொடுத்துப் பாருங்கள். சார்ஜர் கேபிள்தான். வீட்டில் அது கட்டிலுக்கடியில் கிடந்தது.

ஓடினேன். சொருகினேன். லேப்டாப்புக்கு நெட் வந்துவிட்டது. பின் நம்பரைப் புதிதாக வைக்க வேண்டும் என்று அழுத்தினேன். நீங்கள்தானா என்று உறுதி செய்ய வேண்டும், அதற்கு ஒரு கோடு, அதாவது ரகசிய எண், அனுப்புகிறோம் என்றது. அனுப்பு என்று மொபைலைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கப் போனவள், திரையை இன்னொரு முறை படித்தேன். கோடு போகப்போகிற நம்பரின் கடைசி இரண்டு எண்கள் மட்டும் அங்கே தெரிந்தன. அவை என் எண்கள் இல்லை.

என் வீட்டுக்காரருடையவை.

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. அதுவரை வந்தது எரிச்சல், இது கோபம். என் கேஸ் சிலிண்டருக்கு அவர் நம்பர். என் பேங்க் கணக்குக்கு அவர் நம்பர். என் ஆதாருக்கு அவர் நம்பர். எந்த ஃபாரத்திலும் பெயர் என்னுடையது, நம்பர் அவருடையது, ஏனென்றால் "உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி." நான்தான் நான் என்று சொல்ல, எனக்கு எங்கேயும் அதிகாரம் இல்லை. அதைச் சொல்ல வேண்டிய மொபைலோ ஸ்ரீ சிட்டியில், ஃபாக்டரி கேட்டில், லாக்கருக்குள் கிடக்கிறது. உள்ளே போகிறவர்கள் மொபைலை வாங்கி வைத்துவிட்டு, ஷிஃப்ட் முடிந்த பிறகுதான் கொடுப்பார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தரை.

அவசரத்துக்கென்று அவர் கொடுத்திருந்த கேட் நம்பருக்குப் போன் செய்தேன். செக்யூரிட்டி எடுத்தார்.

"எமர்ஜென்சியா மேடம்? எவரிகைனா ஏமைனா அய்யிந்தா?"

யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால்தான் கூப்பிடுவாராம். நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிற மாமியாரை ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். மனசு வரவில்லை. "ஆமாங்க, எமர்ஜென்சி. கதவு தொறக்கல, நான் வெளிய மாட்டிக்கினேன்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

செக்யூரிட்டி ஆளனுப்ப, மூச்சு வாங்க கேட் போனுக்கு ஓடிவந்தார் வீட்டுக்காரர். "இன்னாமே ஆச்சி? கேஸ் ஏதாச்சும் லீக்கா?"

"ஒண்ணும் இல்ல. உங்க போன லாக்கர்லேந்து எடுங்க. ஒரு கோடு வரும், அதச் சொல்லுங்க, போதும்."

எடுத்தார். நான் அனுப்பு என்பதை அழுத்தினேன். அந்தப் பக்கம் மெசேஜ் வந்த சத்தம் எனக்கே கேட்டது.

"சொல்லுங்க."

"ஓடிபியா?" என்றார். குரல் மாறிவிட்டிருந்தது. "ஓடிபி யாருக்கும் சொல்லக் கூடாதுமே. போன வாரந்தான் கம்பெனில கிளாஸ் எடுத்தாங்க."

"நான் யாரோவா? உங்க பொண்டாட்டிங்க."

"அப்பிடித்தான் பேசுவானுங்களாம். இப்பல்லாம் பொண்டாட்டி கொரல்லயே பேசறானுங்களாம். கம்ப்யூட்டர் பேசுதாம்."

இங்கிலீஷில் யார் எது கேட்டாலும் சரி என்கிறவர், வாழ்நாளில் முதன்முறையாகச் சந்தேகப்படக் கற்றுக்கொண்டு, அதை என்னிடம் பரீட்சித்துப் பார்த்தார். ஆட்டோக்காரருக்கு என்னைத் தெரியவில்லை, லேப்டாப்புக்குத் தெரியவில்லை. இப்போது இவருக்கும்.

"சரி, என்ன கேக்கணுமோ கேட்டுத் தொலைங்க."

யோசித்தார். "நம்ம கல்யாண தேதி சொல்லு பாக்கலாம்."

தேதி, மாதம், வருஷம், முகூர்த்த நேரம் வரைக்கும் சொன்னேன். சொன்னது சரியா தப்பா என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் செக்யூரிட்டி அடக்கிக்கொண்டு சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. "செப்பேயண்டி சார், மேடமே" என்றார். சொல்லிவிடுங்கள், மேடம்தான் என்று அவர்தான் எனக்குச் சாட்சி சொன்னார். என்னை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு மனுஷர், நான்தான் நான் என்று சொன்ன பிறகே என் வீட்டுக்காரர் அந்த எண்களை ஒவ்வொன்றாக, விஷம் மாதிரி, சொட்டுச் சொட்டாகச் சொன்னார்.

திறந்தது. என் பக்கங்கள் எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தன. கண் கலங்கிவிட்டது. அதைத் துடைக்கவும் நேரம் இல்லாமல் கேமரா முன்னால் போய் உட்கார்ந்தேன்.

இன்டர்வியூ செய்தவர் சென்னைக்காரப் பெண்மணி. ஆதார் அட்டையைக் காட்டச் சொன்னார். அதில் பின்னலும் பூவுமாக நான். அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் விலாசத்தைப் பார்த்தார். "ஓ, திருப்பதி" என்றார். அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு வேறு அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை. பிறகு என் பக்கங்களைத் திறக்கச் சொல்லி ஓர் இடத்தில் நிறுத்தினார். தெலுங்கில் இரண்டு வரியிலும் "தீயண்டி" என்றுதானே இருக்கிறது, நீங்கள் ஓரிடத்தில் "திறக்கவும்" என்றும் இன்னோரிடத்தில் "எடுத்துவிடவும்" என்றும் எழுதியிருக்கிறீர்களே, ஏன் என்று கேட்டார்.

"கதவுன்னா தொறக்கறது மேடம், கட்டுன்னா அவுத்து எடுக்கறது. தெலுங்குல ரெண்டுக்கும் ஒரே வார்த்த. மாத்திப் போட்டா நோயாளி கதவக் கழட்டி வெச்சிடுவாரு."

சிரித்தார். நகரிப் பக்கத்தில் பிறந்ததற்கு அன்றைக்குத்தான் ஒரு மரியாதை கிடைத்தது.

வேலை கிடைத்துவிட்டது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். செய்தி வந்த அன்று நாத்தனார், அட்வான்ஸ் மொட்டையின் பலன் என்றாள். வீட்டுக்காரர், தான் சொன்ன ஓடிபியின் பலன் என்றார். அந்த ஒரு மாதம் நான் சமையலறை மேடையில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் நான் சொல்ல நினைத்தது வேறு. இன்டர்வியூ முடிந்த அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் நான் சோறுகூடத் தின்னாமல் லேப்டாப் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். அக்கவுண்டைத் திறந்தேன். என் நம்பரைச் சேர்த்தேன். என் மொபைல் சிணுங்கியது, எனக்கே எனக்கென்று ஒரு கோடு. பிறகு அவர் நம்பரை எடுத்துவிட்டேன். கேமராவுக்கு நேராக உட்கார்ந்து, மொட்டையைக் காட்டி, இந்த முகத்தையும் சேர்த்துக்கொள் என்றேன். கண் உருண்டது, தேடியது, கண்டுபிடித்தது.

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து, மொபைல் கைக்கு வந்ததும் கம்பெனி பஸ்ஸிலிருந்தே போன் செய்தார். பின்னால் பஸ் இரைச்சல், அதற்கு மேலே அவர் பதற்றம்.

"ஏமே, என் நம்பர எடுத்துட்டாங்கன்னு மெசேஜ் வந்துகினு இருக்குமே! உன் அக்கவுண்ட்டுக்குள்ள யாரோ பூந்துட்டாங்க!"

"ஆமாங்க," என்றேன். "நான்தான் பூந்தேன்."